முப்பதில் ஒன்று

வால்பரைசோவின் மேட்டு வீட்டில்
சமையலறை பல்பு ஒன்றுதான் எரிகிறது.
ஆட்டோவில் விட்டால் கேமரா
ஃப்ளாஷைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரும்.
டயலை ‘எம்’முக்குத் திருகினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் எலியானா,
காது கேளாத என் தங்கை,
பஸ்ஸில் நடந்ததை
இரண்டு கைகளாலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு:
படம் முழுக்கக் கறுப்பு.
ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்துக்குமேல் ஏற்றினால்
சுவரெல்லாம் ரவை கொட்டிய மாதிரி.
விரல்கள் மட்டும்
நகத்தின் அழுக்கு வரை துல்லியம்.
ஆனால் அதில் சொல் இல்லை,
திறந்தபடியே நின்றுவிட்ட வாய் போல.

எட்டில் ஒன்று.
கைகள் இருந்த இடத்தில் புகை.

சர்க்கரை டப்பாமேல் கேமராவை அண்டக் கொடுத்து
லென்ஸை ஒன்று புள்ளி எட்டுக்கு
அகலத் திறந்தேன்.
முப்பதில் ஒன்று.
முகம் அப்படியே நிற்க
வலது கை கன்னத்தைவிட்டுக் கிளம்பி
காற்றில் ஒரு கோடு இழுத்துப் போகிறது.
கிடைத்துவிட்டது!

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு மெதுவாக,
குழந்தைக்குக் காட்டுவது போல,
கைகளை அசைத்தாள்:

நன்றாக இருக்கிறது.
சரி, இந்த இடத்தில்
நான் என்ன சொன்னேன்?

என் கட்டைவிரல் இன்னும்
டயல்மேல்தான் இருந்தது.