அடுத்த மணிவரை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கள் சேகோ ஆலையில்
இந்த மாசம் புது ஏற்பாடு.
இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மணி அடிக்கும்.
கிழங்கு உரிப்பவள் வறுசட்டிக்கு,
வறுசட்டிக்காரி களத்துக்கு,
களத்துக்காரி கத்திக்கு.

பதினோரு வருஷம் உரித்த கை.
ராத்திரி தூக்கத்திலும் கட்டைவிரல்
போர்வையில் தோல் தேடும்.

வறுசட்டியில் மாதேஸ்வரி விரித்திருந்த சாக்கு
இடது பாதத்தின் கீழ் மட்டும் நைந்திருந்தது.
அரை மணியில் புரிந்தது.
அனல் வலது பக்கம்.
சாய்ந்து சாய்ந்து நடப்பாள்,
பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவாள்.
திமிர் என்றே நினைத்திருந்தேன்.

களத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது.
ஆனாலும் ஒருதரம் நிமிர்ந்தேன்,
சேர்வராயன் மலை நின்றது.
கொட்டகைக்குள் இத்தனை வருஷம்
அது எந்தத் திசை என்றே தெரியாது.

மணி அடிக்கிற அங்கப்பன் மட்டும் மாறவில்லை.
அதே நாற்காலி, அதே நோட்டு,
கழுத்தைத் தேய்த்தபடி கேட்டார்:
"அசதி குறைஞ்சுதா?"

குறையவில்லை.
பிரிந்து கிடக்கிறது,
இடுப்பில் கொஞ்சம், கண்ணில் கொஞ்சம்.
கட்டைவிரல் மட்டும் நேற்று தூங்கியது.

இன்று என் கத்தி திரும்பி வந்தபோது
பிடியில் சைக்கிள் டியூப்
இன்னொரு சுற்று ஏறியிருந்தது,
பாவாயியின் பெரிய கைக்கு.
எனக்குத் தடிமன்தான்.
அவிழ்க்கப் போனேன்,
விட்டுவிட்டேன்.