குழல்

போர்த்தோ அலெக்ரேயில் ஜூலை என்றால் குளிர்.
தோடு மாட்டும்போதுதான் கையில் தட்டியது,
தாடைக்குக் கீழே
இரவு ஊறப்போட்ட கறுப்பு அவரை போல ஒன்று.
வலிக்கவில்லை. அதுதான் பிடிக்கவில்லை.

டெரெசோப்போலிஸ் பேருந்தில்
பத்தொன்பது வருடம் சில்லறை எண்ணிக் கொடுத்தவள் நான்.
யார் ஏறினார், யார் இறங்கினார்,
யார் காசு தராமல் நழுவப் பார்த்தார்,
எல்லாம் தெரியும் எனக்கு.
இது ஏறியதை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டர் தாலீட்டா சின்னப் பெண்.
டோனா இவோனெச்சி, இது அந்த வைரஸ் இல்லை,
வேறு வைரஸ், என்றாள்.

தொண்ணூற்றாறில் வந்ததை
இரத்தத்தில் விளக்குப் பிடித்துத் தேடினாலும்
இப்போது அகப்படாது.
அதற்காக முன்வாசலிலேயே உட்கார்ந்து காவல் இருந்தேன்.
பாப்பிலோமா கொல்லைப்புறமாக வந்து
டான்சில் மடிப்பில் பாய் விரித்துப் படுத்திருக்கிறது,
இருபது வருடமோ முப்பதோ.
காவலாளி இளைத்த வீட்டில்
திருடன் தூங்கி எழுந்துதான் போவான்.

சூடான மாத்தே கசாயத்தாலா, என்று கேட்டேன்.
ஆமாம் என்று சொல்லிவிடு மகளே.
மாத்தே மேல் பழி விழுந்தால்
ஊரே என்னோடு குற்றவாளி.
இல்லை, என்றாள்.
வாய் வழியாக, உதடு வழியாக,
எல்லோருக்கும் வருவதுதான், பலருக்குத் தானே போய்விடும்,
உங்களுக்குப் போகவில்லை.
காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.
காது சிவந்திருந்தது, அவளுக்கு.
எனக்கு ஐம்பத்தெட்டு. சிவக்க என்ன இருக்கிறது.

வீடு போகும்வரை முத்தங்களை எண்ணினேன்.
நெரேயு.
மாத்திரை வந்த பிறகும் அதை நம்பாமல்
தொண்ணூற்றொன்பதில் போய்ச் சேர்ந்தான்.
அவனுக்கு முன்னால் ஒரு அக்கார்டியன்காரன்,
பெயர் மறந்துவிட்டது, மீசை மறக்கவில்லை.
அவனுக்குப் பின்னால் இரண்டு பேர், மழைக்காலம்.
யார் மேலும் கோபம் வரவில்லை.
சில்லறை சரியாக இருந்தது.

வெந்நீரில் இளக்கிய வலையை முகத்தில் அழுத்தி
என் மூக்குக்கு என் மூக்கையே அச்செடுத்தார்கள்.
முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு, அந்த முகத்துக்குள் இந்த முகம்.
பன்னிரண்டாம் நாள் உப்பு போயிற்று,
அப்புறம் இனிப்பு,
அப்புறம் எச்சில்,
அப்புறம் விழுங்குவது என்பதே.

இருபத்தாறு வருடம்
ஒரு நாள் தவறாமல் மாத்திரை இறங்கிய பாதை அது.
சாலை வேலை நடக்கிறது, மாற்றுப்பாதையில் செல்லவும்
என்பதுபோல வயிற்றில் ஒரு குழாய்.
இடித்துப் பொடியாக்கி, நீரில் கரைத்து, நானே ஊற்றுகிறேன்.
புதிய திருடன் வந்தான் என்பதற்காகப்
பழைய கைதியைத் திறந்துவிட முடியுமா?

சுல்மீரா என் நாத்தனார்.
தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிறு, சமையலறையில் எல்லோரும் வட்டமாக,
மாத்தே குடுக்கை கைமாறிக் கைமாறி
என் முறை வந்தது, கை நீட்டினேன்.
குடுக்கை என்னைத் தாண்டிப் போயிற்று.
அடுத்த ஞாயிறு
எனக்கென்று தனிக் குடுக்கை, தனிக் குழல்,
குடுக்கையின் கழுத்தில் சிவப்பு ரிப்பன்.
அழகாயிருக்கிறதல்லவா, என்றாள்.
அழகாகத்தான் இருந்தது.
அவள் தம்பிக்கும் அதே நோய்.
அவன் குடுக்கை மாறவில்லை.

நேற்று வந்தாள்.
மூன்று மாடி, முழங்கால் வலியோடு.
ரிப்பன் கட்டாத குடுக்கை.
வழக்கப்படி முதல் ஊற்றை அவளே உறிஞ்சித் தீர்த்தாள்.
அடுத்ததை ஆறவைத்தாள், வெகுநேரம்.
பிறகு குழலைத் துடைக்காமல் என் பக்கம் திருப்பினாள்.
கண் மட்டும் ஜன்னலில் இருந்தது.

உறிஞ்சினேன்.
கசக்கிறதா என்று நாக்கைக் கேட்டால்
நாக்கு வீட்டில் இல்லை.
விழுங்க முடியாது.
வாயில் வைத்திருந்து கிண்ணத்தில் துப்பினேன்.
பச்சையாக இருந்தது.

எங்கள் பக்கம்
குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம்.
குரல் இருந்தது, கொஞ்சம்.
சொல்லவில்லை.
அவள் மறுபடி ஊற்றினாள்.