ஆறுதலாய்

ஓல்ற்றனில், தண்டவாளம் பார்த்த கட்டடம்.
நாலாம் மாடி. லிஃப்ற் இல்லை.
தோய்க்கிற அறையிலிருந்து என் கதவுவரை
எண்பத்திநாலு படி.
எண்ணினது போன மாரியில்தான்.
அதற்கு முதல் இருபத்தாறு வருசம்
படி என்று ஒன்று இருப்பதே தெரியாமல்
ஏறியிருக்கிறேன்.

இந்த வீட்டில் உடுப்புத் தோய்க்க
இரண்டு கிழமைக்கு ஒரு நாள்.
என் முறை செவ்வாய்.
காலை ஏழுக்குத் திறப்பு கைக்கு வரும்,
இரவு எட்டுக்குக் கைமாறும்.
அதற்குள் வெள்ளை, நிறம், போர்வை, துவாய்,
குசினியில் வேலை செய்கிற மனுசனின் எண்ணெய்ச் சட்டைகள்,
எல்லாம் தோய்த்துக் காயவைத்து
மெஷினின் ரப்பர் உதட்டையும் துடைத்துக் கொடுக்கவேணும்.
ஒரே மூச்சில் செய்வேன்.
புதனும் வியாழனும் முழங்கால் மடங்க மறுக்கும்.
வெள்ளி கொஞ்சம் இரங்கும்.
சனி, இப்ப சுகம்தானே என்று
ஜன்னல் முழுக்கத் துடைப்பேன்.
ஞாயிறு
படுத்த கட்டிலில் இருந்து பாத்ரூம்வரை
சுவரைப் பிடித்துக்கொண்டு.

"எப்படியான வலி?" என்று கேட்டாள் கொர்னேலியா.
வலி இல்லை, பிள்ளை, உளைவு.
அதற்கு டொச்சில் சொல் தேடினேன்.
கையால் பிழிந்து காட்டினேன்.
அவள் தாளில் ஒரு கோடு கீறினாள்:
மலை, கிடங்கு, மலை, கிடங்கு.
"இது நீங்கள்."
அதன் நடுவால் இன்னொரு கோடு,
பென்சிலை அழுத்தாமல், சின்னச் சின்ன மேடாய்.
"நொந்த பிறகு இருக்காதீர்கள்.
நோக முதல் இருங்கள்."

நோகாமல் எதற்கு இருப்பது?
ரயில் பெட்டிக்குள் முழந்தாளில் நின்று
இருக்கைக்குக் கீழே சுவிங்கம் சுரண்டின ஆள் நான்.
பெட்டிக்கு எட்டு நிமிசம்.
நோ என்பது அங்கே
அடுத்த பெட்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது.
அவசரமில்லை, ஆறுதலாய் வா என்போம்.
செத்த வீட்டுக்குப் போனாலும்
ஆறுதல் சொல்லப் போனோம் என்போம்.
இரண்டையும் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.
என் காலுக்கு
ஒன்றும் சொன்னதில்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
நீல மடக்குக் கதிரை ஒன்று வைத்தேன்.
மூன்றாம் நாள் கடிதம்:
படிக்கட்டு அவசர வழி,
பொருட்கள் வைக்கலாகாது,
நட்பான வணக்கங்களுடன், நிர்வாகம்.

எழுதிப்போட்டது ஹெர் அம்ஸ்டுட்ஸ்தான் என்று நினைத்தேன்.
சப்பாத்து வெளியே கிடந்தாலே
நாலு தரம் மணியடிக்கிற மனுசன்.
கதிரையை எடுக்கப் போன அன்று
அவரே கதவைத் திறந்தார்.
கையில் பீற்றூட் போத்தல்.
விரல் கணுக்கள் இஞ்சிக் கிழங்காய்ப் புடைத்திருந்தன.
"திறந்து தருவீர்களா?"
எனக்குக் கைக்குக் குறைவில்லை.
ஒரு திருகு. டப்பென்றது.
அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
காலால் அதைத் தன் வாசலுக்குள்
தள்ளிக்கொண்டார்.
"இங்கே இருந்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது.
செவ்வாய்க்கிழமை கதவைப் பூட்டமாட்டேன்."

பிறகு மூன்றாம் மாடி ஷ்புரேசா,
மூன்று பிள்ளைக்காரி,
என் நாளின் பின்னேரத்தைத் தான் வாங்கி
தன் வெள்ளியின் காலையை எனக்குத் தந்தாள்.
சுவரில் ஒட்டின நிரலில்
பேனையால் வெட்டி எழுதினோம்,
நிர்வாகம் தட்டச்சு செய்த பெயர்களுக்கு மேல்.

இன்றைக்குக் கூடை பாதிதான்.
சட்டைகள் மட்டும். போர்வை வெள்ளிக்கு.
ஐம்பதாம் படி.
கால் ஒன்றும் சொல்லவில்லை.
ஏறிப் போயிருக்கலாம்,
உண்மையாய், நல்லாய் ஏறியிருக்கலாம்.
இருந்தேன்.
களவு செய்கிற மாதிரி இருந்தது.
உள்ளே அம்ஸ்டுட்ஸ் றேடியோவில் வானிலை கேட்கிறார்,
நாளைக்கு மழையாம்,
அது என் முட்டிக்கு நேற்றே தெரியும்.
மேசையில் எனக்காக
மூடி இறுகின இரண்டு போத்தல்.

இன்னும் முப்பத்திநாலு படி.
அதுகள் எங்கேயும் போகாது.