பெயரில்லாதவன் கணக்கு

அல்தாய் மலைக்குத் தெற்கே எங்கள் சிற்றூரில்
வங்கி என்பது
ஒரு ஜன்னல், ஓர் இரும்படுப்பு, நான்.

படிவத்தின் முதல் கட்டம்: பெயர்.
"நெர்குய்" என்றாள் செவெல்மா.
எங்கள் மொழியில் அதற்குப் பொருள்
பெயரில்லாதவன்.
இரண்டைப் பறிகொடுத்தவள்.
மூன்றாவதைத் தேடி வரும் கேடு
வாசலில் விசாரித்துவிட்டு
அப்படி யாருமில்லை போலும் என்று
திரும்பிப் போகட்டுமென வைத்தது.
பெயர் என்ற கட்டத்தில்
பெயரில்லாதவன் என்று எழுதி முத்திரை குத்தினேன்.
கணினி மறுப்பேதும் சொல்லவில்லை.

அவனுக்கு மூன்று வயதில் முதல் முடியெடுப்பு.
நீலப் பட்டு கட்டிய கத்தரி
கூடாரத்துக்குள் கைமாறிக் கைமாறி வந்தது.
ஆளுக்கொரு கற்றை நறுக்கி
ஆளுக்கொரு நோட்டு வைத்தார்கள்.
தாய்மாமன் மட்டும்
உச்சிவெள்ளைக் குதிரைக்குட்டி ஒன்று.
முடியை ஒரு துணியில் முடிந்தாள்,
பணத்தை வேறொன்றில் முடிந்தாள்.
"ரெண்டும் ஒரே கனம்" என்று சிரித்துக்கொண்டே
பணமுடிச்சை என் முன்னால் அவிழ்த்தாள்.
நோட்டெல்லாம் ஆட்டுக்கொழுப்பு வாசம்.

கோன்சிக்குக்கு இதில் நம்பிக்கையில்லை.
குதிரையை விட்டு இறங்காமலே
ஜன்னல் வழியே கேட்பான்:
"என் ஆடு குட்டி போடும். உன் காகிதம்?"
வட்டியும் குட்டிதான் என்றேன்.
"எந்த மடியில் பால் குடிக்கும் அது?"

வசந்தம்தோறும்
ஆட்டு ரோமம் சீவி விற்ற கையோடு வருவாள் செவெல்மா.
ஒரு முறை முப்பதாயிரம்.
ஒரு முறை ஐயாயிரம், அதிலும் ஒன்று கிழிசல்.
ஒரு வருடம் வெறுங்கை.
புத்தகத்தை மட்டும் நீட்டி
வட்டி வரவை எழுதித் தா என்றாள்.
எழுதினேன். விரலால் தடவிப் பார்த்தாள்
ஈரம் காய்ந்ததா என்று.

அப்புறம் அந்தக் குளிர்காலம்.
பனி உருகி, மறுபடி உறைந்து,
புல்லுக்கு மேலே கண்ணாடி மூடிக்கொண்டது.
புல் தெரிந்தது. வாய்க்கு எட்டவில்லை.
ஆடுகள் நின்ற இடத்திலேயே நின்று
நின்றபடியே போயின.

கோன்சிக் வந்தான்.
நடந்து வந்தான்.
"உடைத்துக் கொடு. வைக்கோல் வாங்கணும்."
பதினெட்டு முடியும்வரை முடியாது என்றேன்.
விதியை இருமுறை வாசித்தேன்,
இரண்டாம் முறை குரல் எழும்பவில்லை.
அன்று நான் செய்தது நல்லதா,
இன்றுவரை தெரியாது.
நெடுநேரம் அடுப்போரம் உட்கார்ந்திருந்தான்.
பிறகு கேட்டான்:
"இந்தக் குளிரில் அது சாகலையா?"
இல்லை.
"தீவனம்?"
வேண்டாம்.
"ஓநாய்?"
உண்டு என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.
விலைவாசி என்று ஒன்று.
வருடாவருடம் கொஞ்சம் கடிக்கும்.
ஒரே ராத்திரியில் மந்தையை முடிக்காது.

பனி விட்டதும் மகனோடு வந்தான்.
செத்தவற்றின் தோல் விற்ற காசு,
ரப்பர் வளையம் போட்ட சின்னக் கட்டு.
பாதி மாவுக்கு. பாதி இங்கே.
"உச்சிவெள்ளையின் தோலும் இதில் சேர்ந்தது.
அவன் குதிரை, அவன் கணக்கில் போடு."
எண்ணினேன். ஒரு நோட்டு கூடுதலாக இருந்தது,
திருப்பிக் கொடுத்தேன். அதையும் உள்ளே தள்ளினான்.

முன்பல் விழுந்த பெயரில்லாதவன்
விளிம்பைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்தான்.
முத்திரையை அவன் கையில் கொடுத்தேன்.
இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினான்.
தலைகீழாக விழுந்தது.

செல்லும்.