கொஞ்சமா எடும்மா

பெரம்பூர் லேபில் காலை ஏழு மணியிலிருந்து
அறுபது கைகளில் ஊசி ஏற்றுகிறேன்.
"கொஞ்சமா எடும்மா" என்பார்கள்,
ஏதோ நான் குடிக்கப்போவதுபோல.

வீட்டுக்கு வந்தால் பல்பு.
தெருவிளக்கின் அடியில் கிடைத்தவன், அதனால் அந்தப் பேர்.
வாலை ரெண்டு தரம் ஆட்டிவிட்டு
மோட்டார் ரூம் பக்கத்து ஈரச் சிமெண்டில் சரிகிறான்.
கத்திரி முடிய இன்னும் பதினோரு நாள்.

இடது காதைப் புரட்டுகிறேன்.
உள்மடிப்பில் ஆமணக்கு விதைபோல் ஒன்று
உப்பி, சாம்பல் பூத்து.
பக்கத்திலேயே கடுகு கடுகாய் நாலைந்து,
பிள்ளைகளோ புருஷன்மாரோ, யார் கண்டது.

மாடிவீட்டு எட்வின் சொல்கிறார், மண்ணெண்ணெய் தடவு.
ஹமீதா சொல்கிறாள், கற்பூரத்தை எண்ணெயில் குழை.
அசோசியேஷன் செயலாளர் சொல்கிறார்,
கொடுங்கையூர் பக்கம் கொண்டுபோய் விட்டுடேன்.

நகத்தால் நசுக்கக் கூடாது.
திருகவும் கூடாது.
தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து
நேராக, மெதுவாக.
நரம்பு தேடுகிற அதே பொறுமைதான்.
வந்துவிட்டது.
ஸ்பிரிட் ஊற்றிய மாத்திரை டப்பாவில்
எட்டுக் காலையும் உதைத்துப் பார்க்கிறது.

விரலிடுக்கு. அக்குள். வாலடி.
கழுத்துப்பட்டைக்குக் கீழே ஒரு குடித்தனமே.
பதினேழாவதில் கரண்ட் போனது.
செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

போன மே மாசம் இவன் கூடப்பிறந்தவள்
ரெண்டு நாள் சாப்பிடவில்லை.
வெயில் என்றேன்.
எல்லாருக்கும்தானே வெயில்.
மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கினால்
ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
வேப்பேரியில் டோக்கன் எழுபத்தொன்பது.
சீட்டில் பிளேட்லெட் பன்னிரண்டாயிரம்.
அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று
எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.
ஆட்டோவில் திரும்பும்போது
துண்டோடு மடியில் கிடந்தாள்.
போகும்போது இவ்வளவு கனமில்லை.

அதனால் இந்த வருஷம் மாசியிலேயே தொடங்கினேன்.
சுவர் வெடிப்பெல்லாம் பூசினேன்.
அவன் படுக்கும் கோணியை வாராவாரம் கொதிநீரில் போட்டேன்.
மாசம் ஒரு மாத்திரை,
ஈரல் துண்டுக்குள் ஒளித்து.
நாட்காட்டியில் கேஸ் புக்கிங்குக்குப் பக்கத்தில் ஒரு வட்டம்.
இந்தத் தரம் வட்டத்தைத் தாண்டி ஒன்பது நாள்.
மருந்துக்கடைக்காரருக்கு என் சம்பளத் தேதி தெரியும்,
உண்ணிக்குத் தெரியுமா?

இருபத்திமூன்று.
கை வலிக்கிறது. கொஞ்சம் நிறுத்துகிறேன்.
அவனாகவே புரண்டு
வலது காதைக் கொடுக்கிறான்.

காலையில் அறுபது பேரும்
ஊசி ஏறும்போது
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.
இவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்,
என் கையை அல்ல,
என்னை.

கரண்ட் வந்தது. ஃபேன் முனகிச் சுற்றியது.
நாட்காட்டியின் காற்றில் ஆடும் தாளுக்குக் கீழே
பூசிய சுவரில்
ஒன்று, அவசரமே இல்லாமல்,
மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.