மஞ்சளின் அடியில்

மஞ்சள்தான் மோசமான நிறம்.
சாம்பலின் மேல் அடித்தால் காய்ச்சல்காரன் முகம்,
வெள்ளையின் மேல் அடித்தால் ஓரமெல்லாம் இளிக்கும்.
அதனால் முதலில் இளஞ்சிவப்பு.
யாரும் பார்க்கப்போவதில்லை அதை.
பார்த்தால் நான் தோற்றேன் என்று பொருள்.

எல்லாம் குளியலறையில்தான்.
ஐந்து நிமிடம் வெந்நீரைத் திறந்துவிட்டு மூடுவேன்;
ஆவி இறங்கும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு இறங்கும்.
கம்பளிச் சட்டையைக் கழற்றி, நைலான் மழைக்கோட்டு மாட்டி,
முடியை நீச்சல் தொப்பிக்குள் திணித்துக்
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால்
வங்கியைக் கொள்ளையடிக்கக் கிளம்பிக்
குளத்தில் விழுந்தவள் போலிருப்பேன்.

பெயின்ட் பால் பதம்.
தயிராயிருந்தால் துப்பும், தண்ணீராயிருந்தால் ஓடும்.
கோப்பையின் சுவரில் வழியும் துளி
பின்னால் ஒரு மெல்லிய திரையை விட்டுப்போகவேண்டும்.
தூரமும் அப்படியே:
விலகினால் பறக்கும்போதே காய்ந்து மணலாய் விழும்,
நெருங்கினால் இறக்கை அழும்.
ஈரமாய்ப் போய் உட்காரவேண்டும், அவ்வளவுதான்,
பிறகு கையை எடுத்துவிடவேண்டும்.
கையை எடுக்கக் கற்க எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.

வயலுக்கு மருந்தடிக்கிற விமானம்.
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு;
நுனிக்கு நுனி ஒரு சாணும் நாலு விரலும்.
நான்காம் பூச்சு, இடது இறக்கை,
விளக்கைச் சாய்த்தபோது தெரிந்தது:
ஒரு தூசி.
தொட்டால் கெட்டது. தொடாவிட்டாலும் கெட்டது.
குழம்புச் சட்டியின் மூடியால் விமானத்தை மூடிக்கொண்டிருக்கும்போது
அழைப்பு மணி.

கீழ்வீட்டு ஹினெக், செருப்பும் பைஜாமாவுமாக.
“உங்கள் கம்ப்ரசர் என் கூரையில் குறட்டை விடுகிறது.”
மன்னிப்புக் கேட்டேன். அவர் போகவில்லை.
மூக்கு பெயின்ட் வாசத்தைத் தொடர்ந்து உள்ளே போயிற்று,
பின்னாலேயே அவரும்.
மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
“இது எங்கள் வண்டி” என்றார்.

கூட்டுப் பண்ணையில் இரண்டு கோடை
இதற்கு உரம் ஏற்றியிருக்கிறார்.
“இவ்வளவு வழவழப்பு ஒருநாளும் இருந்ததில்லை, ஸ்ட்யெபங்கா.
டிராக்டருக்கு வாங்கி மீந்த பெயின்ட்,
வேலிக்கு அடிக்கிற பிரஷ்.
இடது இறக்கையில் ஒரு குளவி வந்து ஒட்டிக்கொண்டது.
எடுக்க யாருக்கும் நேரமில்லை.
அதன் மேலேயே அடித்தோம்.
செத்தபிறகு அது பறந்த மணி
உயிரோடு பறந்ததைவிட அதிகம்.”
சிரித்தார். வாசலில் நின்று
“ஒன்பதுக்குமேல் வேண்டாம்” என்றார்.

நான் பகலில் பல் செய்கிறவள்.
ஒலொமோட்ஸில் பாதிப் பேர் என் பீங்கானால் மெல்லுகிறார்கள்.
ஐம்பது வயதுக்காரருக்குச் செய்யும் பல்லில்
காப்பிக்கறை நிறத்தில் ஒரு விரிசல் வரைவேன், மயிரிழையில்.
வரையாமல் விட்டால்
சிரித்த மறுகணம் பொய் தெரிந்துவிடும்.
குறை செய்யத்தான் எனக்குச் சம்பளம்.

குளவி, சுமாராகப் பதினைந்து மில்லிமீட்டர்.
நாற்பத்தெட்டால் வகுத்தேன்.
பல் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து தூசியை அளந்தேன்.
பொருந்துகிறது.
சங்கடமாகிவிட்டது எனக்கு.

இரண்டு நாள் காயவிட்டேன்.
இரண்டு நாளும் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்,
அது கால் உதறுகிறதா என்பதுபோல.
போட்டியில் நடுவர் டார்ச் அடித்துப் பார்ப்பார்;
அவரிடம் குளவி என்று சொல்லமுடியுமா?
சொல்லலாம். அவரும் தலையாட்டிக்கொண்டே
இரண்டு மதிப்பெண் குறைப்பார்.
ஆனால் அதற்காக அல்ல.
குளவி தானாக வந்து உட்கார்ந்தது.
இது என் ஸ்வெட்டரிலிருந்து விழுந்தது.

நாலாயிரம் எண் தாளை நனைத்தேன்.
நினைத்துக்கொண்டிருந்ததில் விரலிலேயே காய்ந்துவிட்டது.
மறுபடி நனைத்தேன்.
வட்டமாக அல்ல, காற்று ஓடும் திசையில்,
மூச்சைவிட லேசாக.
போய்விட்டது.
அது போன இடத்தில், கடுகளவு,
இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது.

மணி ஒன்பது பத்து.
கீழே ஹினெக்கின் ரேடியோ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.
வெந்நீரைத் திறந்துவிட்டு வந்து
கம்ப்ரசருக்கு அடியில்
என் தலையணையை வைத்தேன்.