முப்பத்தெட்டு

மூன்று முறை பூச்சி மருந்து கொடுத்திருக்கிறேன்.
டிலக்சனின் கிளினிக் கொப்பியில்
என் கையெழுத்தே சாட்சி.
வயிற்றுவலி, மலச்சிக்கல், வெளிறிய இமை.
மேக்கணக்குப் பிள்ளை என்றால்
கேள்விக்கு முன்னே ஓடிவிடும் என் பேனா.

நாலாம் முறை மேரி ரெஜினா
வயிற்றைப் பற்றிப் பேசவில்லை.
"போன மழைக்கு பஸ்சுன்னான், நிலான்னான்.
இப்ப கையத்தான் நீட்டுறான்."

அப்போதுதான் கேட்டேன்
முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை:
வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?
"மலையில பேர் இல்லாத நாளு
மவுஸ்ஸாக்கலையில வலை வீசுவாரு."
வலைக்கு ஈயக்குண்டு?
"பழைய பஸ் பெட்டரிய ஒடச்சி,
மீன் டின்னுல போட்டு, நம்ம அடுப்புலதான் காச்சுவாரு.
வெள்ளியாட்டம் ஓடுறத பாக்க
இவனுக்கு அம்புட்டு ஆச."

இரத்தம் கொழும்புக்குப் போய்
பதினெட்டு நாள்.
காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் என்று
எத்தனை தடவை சும்மா சொல்லியிருப்பேன்.
தொலைபேசியில் அந்த எண் வந்தபின்
சொல்வதில்லை.
முப்பத்தெட்டு.

நாற்பத்தைந்தைத் தொட்டிருந்தால்
வார்டில் சேர்த்து
ஈயத்தைப் பிடித்திழுக்கும் மருந்து உண்டு.
தொடாததால் நான் எழுதியது:
ஈரத்துணி.
"துணியா?" என்றான் சூசைநாதன்.
துணிதான். விளக்குமாறு தூசியை எழுப்பும்.
அடுப்படி, தொட்டில் கம்பி, கதவு நிலை,
நாளுக்கு ஒருமுறை. துடைத்த தண்ணீரை
தோட்டப் பாத்தியில் ஊற்றவேண்டாம்.
பிள்ளைக்கு நகம்வரை கை கழுவுங்கள்.
முட்டை, நெத்தலி, கீரை, இந்த இரும்புப் பாணி.
ரொட்டியோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள்,
அது இரும்பை உள்ளே விடாது.
இரும்பு காலியான உடம்பு
ஈயத்துக்குப் பாய் விரிக்கும்.

இதைச் சொல்கையில்
என் ஜன்னல் முழுக்கத் தேயிலை.
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் வாதாடவில்லை.
"மீன வித்த காசுலதான் டொக்டரம்மா
இங்க வர பஸ் ஏறுனோம்" என்றான்,
கணக்கு ஒப்புவிப்பவன்போல.

ஒரு மாதத்தில் முப்பத்துநாலு.
பிறகு முப்பத்தொன்று.
எலும்பு ஒளித்துவைத்ததைச்
சில்லறையாகத்தான் திருப்பித் தரும்.
சொற்கள் திரும்புமா என்று ரெஜினா கேட்டாள்.
தெரியாது என்றேன்.
அவளிடம் நான் சொன்னவற்றில்
முழுக்க உண்மை அது ஒன்றுதான்.

லயத்துக்குப் போய்ப் பார்த்தோம்,
குடும்பநல மாதுவும் நானும்.
டின் இல்லை, பெட்டரி இல்லை,
தரை ஈரமாயிருந்தது.
ஆனால் அறைக்கும் அறைக்கும் நடுச்சுவர்
கூரையைத் தொடவில்லை.
மேலே ஒரே கரி, பன்னிரண்டு காம்பராவுக்கும்.

மறு செவ்வாய் சூசைநாதனே கூட்டிவந்தான்
அடுத்த வீடுகளின் ஆறு பிள்ளைகளை.
அவர்களின் தாய்மார் பின்னால், அவனோடு பேசாமல்.
பூச்சி மாத்திரைப் பெட்டியை ஓரம் தள்ளி
பெயர்களை எழுதத் தொடங்கினேன்.

வரிசையில் முதலில் டிலக்சன்.
ஊசியைப் பார்த்ததும்
ஒன்றும் சொல்லாமல்
கையை நீட்டினான்.